கோட்டைச் சுவருக்குள்

அந்த ஆன்லைன் விளையாட்டின் கோட்டைச் சுவரில் ஒரு பிழை உண்டு. ஏழாவது கல்லில் முட்டினால் சுவருக்குள் போய்விடலாம். இன்பவல்லியும், அவள் முகம் பார்த்திராத 'நத்தை'யும் நான்கு வருடமாக அங்கே உட்கார்ந்துதான் பேசுகிறார்கள்.

இன்று இரண்டு மணி அப்டேட்டில் சுவரை அடைக்கிறார்கள். உள்ளே மாட்டினால் விளையாட்டில் நம் ஆளே அழிந்துபோகலாம் என்று அறிவிப்பு. அவள் ஒன்றரைக்கே வெளியே வந்துவிட்டாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"வெளிய வந்துட்டீங்களா?" என்று நத்தைக்குக் கீபோர்டில் தட்டினாள்.

"இல்ல. புதுச் சுவர்ல நமக்கு இடம் இருக்காது. இங்கயே இருந்துடுறேன்."

"கிறுக்கா உங்களுக்கு? வாங்க!"

இரண்டு மணி நெருங்கியது. திரையில் பத்து, ஒன்பது என்று எண்கள் இறங்கின. ஆறில் அவளே ஏழாவது கல்லில் முட்டி உள்ளே போனாள்.

உள்ளே யாருமில்லை.

"சரி, வெளிய வந்துட்டேன். எங்க இருக்கீங்க?" என்று நத்தையின் செய்தி வந்தது.

மூன்று.