உள்ளே நூறு, வெளியே இருநூறு

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தேவசகாயத்தின் திரையில் அந்த டிஸ்க் இருநூறு ஜிபி. இரண்டு யானைகள் படுத்துப் புரளலாம். சர்வருக்குள்ளேயே, வெறும் மென்பொருளாக, அதே டிஸ்க்கில் ஓடும் கணினியைக் கேட்டாலோ, மொத்தமே நூறுதான், எறும்பு நுழையவும் இடமில்லை என்கிறது. போனில் உமையாள் அழாத குறை. மூன்று வருஷம் காத்திருந்து கூழைக்கடாவின் கூட்டில் மைக் வைத்தவள் அவள். இப்போது முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கொத்துகிறது. அந்தச் சத்தம் இந்த டிஸ்க்கில்தான் பதிவாகிறது; இடமில்லாவிட்டால் பதிவு நின்றுவிடும்.

"காலையிலேயே பெருசாக்கிட்டேன்னு சொன்னீங்களே சார்!"

"ஆக்கினேம்மா. உள்ள இருக்கறவன்கிட்டதான் யாரும் சொல்லல போல."

சிரித்துக்கொண்டே ஒரு வரிக் கட்டளை தட்டினார். உள்ளே இருந்த கணினி சோம்பல் முறித்தது. நூற்றைம்பது. இருநூறு. அங்கே நிற்க வேண்டியது, நிற்கவில்லை. இருநூற்றைம்பது, முந்நூறு என்று ஏறியது. அவருடைய திரை மட்டும் இருநூறுதான் என்று சாதித்தது.

"சார், இடம் பத்துமா?"

இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்புவது என்று தெரியாததே அவருக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

"ஆகாயமே கொள்ளும். பேசாம கேளும்மா."

ஓடு விரிசல் விடும் சத்தம் போனில் மெல்லக் கேட்டது. உள்ளே எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.