உட்கார்ந்தால்தான் கூட்டம்

"இன்னிக்குக் கூட்டத்தையும் தள்ளி வைக்க வேண்டியதுதான்," என்றார் மேனேஜர், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளருக்குப் பகீரென்றது. பழுதுபார்க்க அனுமதி கேட்டு அவர் நடையாய் நடந்து, ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போன கூட்டம் இது.

"சார், மெக்கானிக் காலையிலேர்ந்து கீழ காத்துக்கிட்டு இருக்கார். நீங்க மூணு பேரும் சரின்னு கையெழுத்துப் போட்டாப் போதும். இங்கயே பேசி முடிச்சிடலாமே."

"இங்கயா? நின்னுக்கிட்டே பேசினா அது அரட்டை. உக்காந்து பேசினாத்தான்யா கூட்டம்."

"கூட்ட அறைதான் இன்னிக்கு இல்லன்னு ஆயிடுச்சே சார்."

"அதனாலதான் தள்ளி வைக்கிறேன்." பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட தோரணையில் சொன்னார் மேனேஜர்.

மேற்பார்வையாளர் கணக்குப் பிரிவு அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. ஆனா மினிட்ஸ் எழுத மேஜை வேணுமே," என்றார்.

ஸ்டோர்ஸ்காரர் தன் பங்குக்குக் குட்டையைக் குழப்பினார். "போன கூட்டத்து மினிட்ஸையே நாம இன்னும் படிச்சுப் பாக்கலையே?"

"போன கூட்டம் நடக்கவே இல்லையே அண்ணே."

"நடக்கலைன்னு எழுதியிருப்பாங்கல்ல, அதத்தான் சொல்றேன்."

மேற்பார்வையாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாயங்காலம் என் பொண்ணு முதல் தடவையா மேடையில பாடுறா சார். இந்த வேலை முடியாம நான் எப்படிப் போறது?"

மேனேஜர் உண்மையாகவே இரக்கப்பட்டார். "நான் என்ன கல்நெஞ்சக்காரனாய்யா? சீக்கிரமாவே வச்சுக்கலாம். திங்கள்?"

"எனக்கு ஆடிட்," என்றார் அக்கா.

"செவ்வாய் நான் ஸ்டாக் எடுக்கணும்," என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"புதன் நான் லீவு. அப்ப வியாழன் பத்து மணி. யாரும் லேட்டா வரக்கூடாது." மேனேஜர் டைரியில் குறித்துக்கொண்டார். ஒரு நாள் வேலையை முடித்த நிம்மதி மூன்று பேர் முகத்திலும் தெரிந்தது.

நொந்துபோன மேற்பார்வையாளர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "அண்ணே, வியாழக்கிழமைதான் கூட்டமாம். நீங்க கொஞ்சம் மனசு வைக்கக்கூடாதா?"

"கையெழுத்து இல்லாம நான் கை வச்சா என் வேலை போயிடும் தம்பி. வியாழக்கிழமையே வரேன்," என்றது மறுமுனை. "அதுவரைக்கும் நாலு பேரும் லிஃப்டுக்குள்ளயே பத்திரமா இருங்க. கதவ மட்டும் இடிக்காதீங்க."