அசல் மாத்திரை

“என் பொட்டலத்துல என்ன இருந்துச்சு டாக்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்.”

பிரிஜெட் உட்காரக்கூட இல்லை. ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். டாக்டர் கஸ்தூரிரங்கன் நாற்காலியைக் காட்டினார்.

“முதல்ல உட்காருங்கம்மா. ஒரு வருஷம் பொறுத்தீங்க, ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?”

போன வருஷம் அந்த டி.பி. வார்டில் இருபத்து நாலு பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஊசிதான். கூடவே புதிதாக ஒரு மாத்திரையும் வந்தது. அது பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி உருட்டிய வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுத்த நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பொட்டலத்தின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பருக்கு எது என்று எழுதிய காகிதம், அரக்கு வைத்த உறைக்குள் பீரோவில் கிடந்தது. நேற்றுதான் அதைப் பிரித்தார்கள்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? நீங்கதான் கல்லு மாதிரி ஆயிட்டீங்களே.”

“எனக்காக இல்ல டாக்டர். காந்தாவுக்கு அசல் மருந்து கிடைச்சுதான்னு தெரியணும். அது தெரியாம சோறு எறங்கமாட்டேங்குது.”

காந்தா பக்கத்துக் கட்டில்காரி. ஸ்ரீராம்புரத்து மில் தொழிலாளி முனிகிருஷ்ணனின் மனைவி. இருபத்து மூன்று வயது. பிள்ளையில்லாத விதவை பிரிஜெட்டை வந்த அன்றே அக்கா என்று கூப்பிட்டவள். ஏழாம் மாதம் போய்விட்டாள், பாவம்.

“முதல் மாசம் நான் மூணு பவுண்டு ஏறினேன். அவ நாலு பவுண்டு எறங்கினா. ‘பிரிஜெட்டுக்குத்தான் அசலு, காந்தாவுக்கு மாவு’ன்னு வார்டே பேசிக்கிச்சு. மௌரீன் சிஸ்டர் மட்டும், ‘எடை மெஷின் எப்போ டாக்டருக்குப் படிச்சுது?’ன்னு திட்டுவாங்க.”

“சிஸ்டர் சொன்னதுதான் சரி.” டாக்டர் காகிதத்தைப் புரட்டி விரல் வைத்தார். “உங்களோடதுதான் மாவு.”

பிரிஜெட் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. மாவைத் தின்னே பொழைச்சிருக்கீங்க. உங்க மாதா கண் தொறந்திருக்கா.”

“அப்போ… காந்தாவோடது?”

“அசல்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதான் எனக்கும் புரியலை. அசல் எழுதியிருந்த பன்னிரண்டு பேர்ல பதினோரு பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க. காந்தா ஒருத்திதான் தங்கலை.”

வெளியே வராந்தாவில் எடை மெஷின் ‘டங்’கென்றது.

“பெரியம்மா, நான் எத்தனை பவுண்டு? வந்து பாரேன்.”

காந்தாவின் மகள் சரசு. ஐந்து வயது. அப்பாவுக்கு மில் வேலை; பிரிஜெட் குணமாகி வீடு திரும்பியதிலிருந்து அவளிடம்தான் வளர்கிறாள். பிரிஜெட் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் குரலைத் தணித்தார். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. கசக்குதுன்னு துப்பிட்டாளா அந்தப் பொண்ணு? பக்கத்துக் கட்டில், உங்களுக்குத் தெரியாம இருக்காது. ‘மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலை’ன்னு ஒரு வரி எழுதிட்டா ரிப்போர்ட் நேராயிடும்.”

“அவ மேல அப்படி எழுதாதீங்க டாக்டர். ஒரு நாள்கூடத் தவறலை. ‘வேணாம்க்கா, வேணாம்க்கா’ன்னு வாயை இறுக்கிக்குவா. நான்தான் சரசு பேரைச் சொல்லி மிரட்டி, தெனமும் என் கையாலயே ஊட்டி விட்டேன்.”

“பின்னே எப்படிம்மா?”

பிரிஜெட் தன் வலது கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“என் பொட்டலத்தைப் பிரிச்சு ஊட்டினேன் டாக்டர். அவளோடதை நான் முழுங்கினேன்.”