யானையின் லீவ் லெட்டர்

சற்குணவதி டீச்சர் வரலாறு நடத்தினால் சுவரிலிருக்கும் பல்லியும் தூங்கி விழும். இன்னொரு குறட்டை கேட்டால் அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மறுநாள் டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நாளைக்குப் போர். வர முடியாதுன்னு ராஜாவுக்கு லீவ் லெட்டர் எழுதுங்க" என்றார். பத்தாம் வகுப்பே குனிந்தது. பேனாக்கள் ஓடிய வேகத்தில் அடித்த காற்றில் மின்விசிறியே தேவைப்படவில்லை. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

குறட்டை கேட்டால் பீரியடைப் பறித்துவிடலாம் என்று வந்த தலைமையாசிரியர், கடைசி பெஞ்ச் நஸ்ரினின் தாளை எடுத்தார். 'மாட்சிமை பொருந்திய மன்னருக்கு, பட்டத்து யானை எழுதுவது. கடும் வயிற்றுவலி காரணமாக ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், தாள் கொள்ளாத அளவுக்கு ஒரு கால்தடம்.

அவர் வந்த வேலையை மறந்தார். "ராஜா லீவு குடுத்தாரா இல்லையா, டீச்சர்?"

"நாளைக்கு இதே பீரியடுக்கு வாங்க சார்" என்றார் சற்குணவதி.