பாக்கெட்டுக்குள்ள கை

பேன்ட் பாக்கெட்ல ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு போட்டோ எடுக்கிற ஆளை நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை. என் வேலை மேக்கப். வாய் கொஞ்சம் நீளம், அதையும் சொல்லிடறேன்.

கிளாமர் போட்டோவுக்கு மாடலை எப்படி நிக்க வைக்கிறதுன்னு மூணு நாள் வகுப்பு. கத்துக்க வந்தவங்க ஆறு ஆம்பளைங்க. நிக்கிறதுக்கு ஒரே ஒரு பொண்ணு. அவளுக்கு மேக்கப் போட நான்.

அந்த ஆறு பேர்ல ஒருத்தருக்கு நாங்க வெச்ச பேரு 'பாஸ்போர்ட்'. சொந்த ஸ்டுடியோவுல பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே தலை நரைச்ச மனுஷன்.

முதல் நாள் ஒழுங்காத்தான் இருந்தார். ரெண்டாம் நாள்லேருந்து இந்தக் கோலம். கேமராவை ஸ்டாண்டுல மாட்டிட்டு, கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள. வாயாலேயே வேலை வாங்கறார்.

"இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்கம்மா. அது இல்லை, உங்க இடது."

அவ திணற, இவர் திணற, கடைசியில தானே எதிர்ல போய் நின்னு இடுப்பை ஒடிச்சுக் காட்டுவார். அந்தத் தொப்பையோட. மத்தவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. எரிச்சல்தான் வந்துச்சு. காரணம் இருக்கு.

முதல் நாள் காலையில மேக்கப் நாற்காலியில உக்காந்தப்பவே அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா. "திங்கட்கிழமை ஒரு துணிக் கம்பெனிக்குப் படம் அனுப்பணும்க்கா. ஏற்கெனவே ரெண்டு தடவை வேண்டாம்னுட்டாங்க. முகம் நல்லாயிருக்காம், கண்ணுல உயிர் இல்லையாம். இங்கே ஒரே ஒரு நல்ல படம் கிடைச்சா போதும். இல்லேன்னா இதை விட்டுடறேன்னு அப்பாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"கிடைக்கும்டி. நான் எதுக்கு இருக்கேன்? என் தங்கச்சியா நினைச்சுத்தான் உனக்கு மேக்கப் போடறேன்"னேன்.

வகுப்புல ஆளுக்கு இருபது நிமிஷம்தான். மத்தவங்க விறுவிறுன்னு போய்த் தாடையை நிமிர்த்துவாங்க, முடியை எடுத்து முன்னால போடுவாங்க, இடுப்பைத் திருப்பி வைப்பாங்க. ரெண்டே நிமிஷத்துல போஸ் ரெடி. இந்த மனுஷன் பதினஞ்சு நிமிஷத்தைப் பேசியே கரைச்சுட்டிருந்தார்.

மூணாம் நாள் கடைசி முறை இவரோடது. எனக்குப் பொறுக்கலை.

"சார், கையை என்ன அடகு வெச்சிருக்கீங்களா? அந்தத் தாடையைக் கொஞ்சம் திருப்பிவிட்டா குறைஞ்சா போயிடுவீங்க? அவளுக்கு இது பொழைப்பு."

அவர் கோவிச்சுக்கலை. "அவங்களே திரும்புவாங்கம்மா, கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டு அவகிட்ட, "பின்னாலேருந்து யாரோ பிடிச்சவங்க கூப்பிட்ட மாதிரி திரும்புங்க. இப்படி"ன்னு திரும்பிக் காட்டினார்.

கால்ல ஒயர் மாட்டிக்கிச்சு. கைதான் பாக்கெட்ல இருக்கே, எதைப் பிடிக்கிறது? மனுஷன் ஒத்தைக் கால்ல நாலு தத்து தத்தி, கேமராவுக்குப் பின்னால இருந்த சுவத்துல போய் முட்டிக்கிட்டு நின்னார்.

அவ திரும்பிப் பார்த்தா. சிரிப்பை அடக்கவே முடியலை அவளுக்கு.

"அப்படியே இருங்க. எடுக்கட்டுமா?"

அவ தலையாட்டினா. ரிமோட் பாக்கெட்டுக்குள்ள இருந்திருக்கு. கேமரா க்ளிக்குன்னுச்சு.

சாயங்காலம் வகுப்பு எடுத்த மாஸ்டர் எல்லார் படத்தையும் பெரிய திரையில போட்டார். மத்தவங்க படத்துல போஸ் எல்லாம் அளந்து வெச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா கண்ணு எங்கேயோ போயிருந்துச்சு. பாஸ்போர்ட்டோட படத்துல தோள் கோணல்தான். ஆனா கண்ணு நம்மகிட்ட பேசுச்சு.

"திங்கட்கிழமைக்கு இதை அனுப்பு. இதை வேண்டாம்னு சொல்றவன் கண்ணு தெரியாதவன்"னார் மாஸ்டர். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

பாஸ்போர்ட் கேமராவை மூட்டை கட்டிட்டிருந்தார். கிட்டப் போய்க் கேட்டேன். "சார், ஏன் இந்தப் பாக்கெட் கூத்து?"

"இருபத்தாறு வருஷமா யார் வந்து உக்காந்தாலும் ரெண்டு விரலால தாடையை நிமிர்த்திப் பழக்கம்மா. யார்கிட்டயும் கேட்டதில்லை. முதல் நாள் இந்தப் பொண்ணையும் அப்படித்தான் தொடப் போனேன். எங்க தொழில்ல கண்ணு சிமிட்டுதான்னுதான் முதல்ல பார்ப்போம். சிமிட்டினா படம் வீண். என் கை போய்ச் சேர்றதுக்குள்ள இவங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. அப்புறம் உக்காந்து கவனிச்சேன். யார் கை வந்தாலும் மூடறாங்க. கண்ணைத் திறந்த பிறகும் ஆள் அங்கே இல்லை. வெளியே விட்டா என் கை தானா தாடைக்குப் போயிடும்மா. அதான் உள்ளே போட்டு வெச்சேன்."

மத்த அஞ்சு பேரையும் மனசுக்குள்ள வறுத்தெடுத்தேன். ஒரு வார்த்தை கேட்காம ஒரு பொண்ணு மேல கை வைக்கிறதாவது. என்ன ஜென்மங்களோ.

மேக்கப்பைக் கலைக்க அவ வந்து உக்காந்தா. முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு பேசிக்கிட்டே பஞ்சை நனைச்சேன். வழக்கம்போல அவ தாடையைப் பிடிக்க இன்னொரு கையை நீட்டினேன்.

கை பாதி தூரம்கூடப் போகலை. தற்செயலாக் கண்ணாடியைப் பார்த்தேன். அவ கண்ணு ரெண்டும் இறுக்கி மூடியிருந்துச்சு.

மூணு நாளா அந்த முகம் என் கையிலதான் இருந்துச்சு.

பஞ்சைக் கீழே வெச்சேன். ரெண்டு கையையும் என் ஏப்ரன் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்.

"தொடலாமா கண்ணு?"

அவ மெதுவாக் கண்ணைத் திறந்து, "தொடுங்கக்கா"ன்னா.