நாலாவது சீன்

"'சரளமாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்'னு போட்டிருக்கு" என்று நாடக நோட்டீஸைப் படித்துச் சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள் புஷ்பா.

ஷீலாவின் முகம் வாடியது. அதுவும் ஒரு நொடிதான்.

"நீங்க படிச்சுச் சொல்லுங்க அண்ணி. நான் மனப்பாடம் பண்ணிடறேன்."

ஷீலா போர்ட் பிளேரிலேயே பிறந்தவள். வீட்டில் பேச்சு தமிழ்தான். ஆனால் படித்தது இந்தி மீடியம். தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. அண்ணி புஷ்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

சுனாமிக்குப் பிறகு நாலு வருஷம், அவர்கள் குடியிருக்கும் ஹேடோவில் பொங்கல் நாடகமே கிடையாது. இந்தப் பொங்கலுக்குத்தான் மறுபடி மேடை போடுகிறார்கள். நாடகம், 'மெயின்லேண்ட் மாப்பிள்ளை'. பெண் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்டே திணறடிக்கும் தேன்மொழிதான் அதில் முக்கியம். ஆள் தேர்வுக்கு முதல் சீனை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பத்து நாள். மீன் கழுவும்போது, துணி காயப் போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, புஷ்பா படிக்கப் படிக்க ஷீலா பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் வசனம்கூட அவளுக்கு அத்துப்படி. வேலை பார்க்கும் அபர்டீன் பஜார் ஜவுளிக் கடையில் சேலை மடிக்கும்போதும் உதடு தானாக அசைந்தது. "க்யா ஹுவா, ஷீலா?" என்று பெங்காலி முதலாளி பயந்தே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்ச் சங்க ஹால் நிறையக் கூட்டம்.

முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் சங்கச் செகரட்டரி முத்துகிருஷ்ணன். அந்த நோட்டீஸ் அவர் கைவண்ணம். இன்னொன்றில் நாகலிங்கம். துறைமுகத்தில் ஃபோர்மேன், நாடகத்தை எழுதி நடத்துபவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் நாடகத்துக்குச் சிரிக்காதவரும் ஹேடோவில் இல்லை.

தேன்மொழிக்கு ஏழு பேர் போட்டி. கடைசியாக ஷீலா. பயந்துகொண்டேதான் எழுந்து வந்தாள். முதல் வரியைச் சொன்னதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கப்பல்ல வாந்தி எடுத்தீங்களாமே?" என்றாள், பேப்பரைப் பார்ப்பதுபோல்.

மாப்பிள்ளை வசனத்தைப் படித்த முத்துராஜ், "லேசாத்தாங்க" என்றான்.

"எத்தனை தடவை?"

"மூணு நாளும்."

"மூணு நாள் கப்பலுக்கே இந்த ஆட்டம்னா, எங்கம்மா சமையலை எப்படிங்க தாங்குவீங்க?"

ஹால் அதிர்ந்தது. பின் வரிசையில் புஷ்பா பெஞ்சைத் தட்டினாள். ஷீலாவுக்கு ஏழு கடலையும் நீந்திக் கடந்த மாதிரி இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் செகரட்டரி. "ரெண்டாம் பக்கத்து வசனமெல்லாம் வருது. பக்கத்தை இன்னும் திருப்பவே இல்லையேம்மா?"

ஹால் அடங்கியது. ஷீலா அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"ரூல் ரூல்தான்" என்ற செகரட்டரி, பக்கத்தில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். "இதுல நாலு வரி வாசி, போதும்."

ஷீலா கை நீட்டுவதற்குள் நாகலிங்கம் பத்திரிகையைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"பத்திரிகையை யார் வேணும்னாலும் படிச்சிடுவாங்க. நாலாவது சீன் இதுவரை யார் கண்ணுலயும் படலை. ஒரே மூச்சுல பேசற வசனம், இருக்கறதுலயே கஷ்டமானது. அதைப் படிக்கட்டும்."

"அதான் சரி" என்றார் செகரட்டரி.

"பாவி மனுசன், குரல்வளையைப் பிடிக்கிறானே" என்று புஷ்பா முணுமுணுத்தது நாலு வரிசை தாண்டிக் கேட்டது.

நாகலிங்கம் தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, பக்கம் பார்த்துப் பிரித்து, ஷீலாவின் கையில் திணித்தார்.

"ஜல்தி. மத்தவங்களுக்கும் வேலை இருக்கு."

போயிற்று. ஓடிவிடலாமா என்று நினைத்தபடி ஷீலா குனிந்து பார்த்தாள்.

எழுத்து இந்தி. வார்த்தை தமிழ்.

நிமிர்ந்தாள். நாகலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீலா நோட்டை வேறு யாருக்கும் தெரியாதபடி முகத்தருகே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு அலை மேல் அலையாக. தேன்மொழி கோபித்தாள், கெஞ்சினாள், கேலி செய்தாள். முத்துராஜ் தன் பேப்பரை மறந்து வாயைப் பிளந்து நின்றான். முடித்தபோது முதலில் கை தட்டியவர் செகரட்டரி.

"இதான் வாசிப்பு. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. நீதாம்மா தேன்மொழி."

புஷ்பா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். ஷீலா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். செகரட்டரி டீ சொல்ல வெளியே போனதும், நாகலிங்கத்திடம் போய் நின்றாள்.

"சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எனக்காக இதை எப்ப எழுதினீங்க?"

நாகலிங்கம் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உனக்காக இல்லம்மா. நான் நாடகம் எழுதறதே இந்த எழுத்துலதான். தமிழ்ல மாத்தி எழுதித் தர்றது என் சம்சாரம். சீக்கிரம் மூடிக் குடு, செகரட்டரி வந்துடப் போறாரு."