பதினாறு படிகள்

"தாயி, எத்தன கோடு காட்டுது?"

கீழே இருந்து அப்பாவின் குரல்.

"ரெண்டுப்பா."

"நாலு வரணுமே! இரு, இரு."

நாற்காலி இழுபடும் ஓசை. சுத்தியல் சத்தம். வைஃபை பெட்டியைச் சுவரில் இன்னும் உயரத்தில் மாட்டுகிறார்.

மூன்று.

நாலு.

"வந்துருச்சுப்பா!"

"சொன்னம்லா! இனிமே நீ படி இறங்கவே வேண்டாம். அங்கன இருந்தே திருத்து, அங்கன இருந்தே பிரிண்ட் குடு. மிச்ச நேரம் பூராம் படி."

அவள் சிரித்தாள்.

கீழே முன்னறையில் அப்பாவின் கணினி. கல்யாண அழைப்பிதழ் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். மாடியில் அவளுடைய கணினி. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். மாசிக் கடைசியில் தேர்வு.

நடுவே பதினாறு படிகள்.

அப்பாவுக்கும் ளகரத்துக்கும் என்றைக்கும் ஆகாது. எட்டாம் வகுப்பிலிருந்து அவள்தான் பிழை பார்க்கிறாள். சிவப்பு மையில் வட்டம் போடுவாள். தாளின் அடியில் எத்தனை பிழை என்று எழுதுவாள். 'பிழை இல்லை' என்று அவள் எழுதாமல் ஒரு அழைப்பிதழும் அச்சகத்துக்குப் போனதில்லை.

"பரிச்ச முடியிற வரைக்கும் இந்த வீட்ல கல்யாணப் பேச்சு கிடையாது. அடுத்தவன் வீட்டுக் கல்யாணம் மட்டுந்தான்."

அப்பாதான் சொன்னார். போன ஆடியில். உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும்.

திரையில் அப்பாவின் கணினி தெரிந்தது. திறந்தாள்.

'திருத்த வேண்டியவை' என்ற ஒரு ஃபோல்டரை மட்டும்தான் பகிரச் சொல்லியிருந்தாள். உற்சாகத்தில் அப்பா மொத்தத்தையும் திறந்து விட்டிருந்தார்.

காதுகுத்து. புதுமனை. பூப்புனித நீராட்டு.

கடைசியில் ஒன்று. பெயர் இல்லை. வெறும் புள்ளி.

உள்ளே ஒரே கோப்பு. 'மயில் நீலம்'.

போன மாதம் ஒரு அம்மாள் வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு மாதிரி அட்டை பார்க்க. ஆல்பத்தை எடுத்துக் காட்டியது அவள்தான். "நீயா இருந்தா எத எடுப்பம்மா?" என்று கேட்டார். மயில் நீல நிற அட்டையைக் காட்டினாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அப்பா அப்போது தலை நிமிராமல் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

கோப்பைத் திறந்தாள்.

தை மாதம் இருபத்தைந்தாம் நாள்.

மணமகன், கேள்விப்படாத ஒரு பெயர்.

மணமகள், செண்பகவல்லி, பி.எஸ்சி.

அவள் பெயர்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால்.

ஒரு முறை படித்தாள். பழக்க தோஷத்தில் மறுமுறையும் படித்தாள். ளகரமெல்லாம் சரியாக இருந்தது. ஒற்று ஒன்றுகூட விடுபடவில்லை.

அவளிடம் காட்ட முடியாத தாள். எத்தனை முறை தனியாக உட்கார்ந்து படித்துப் பார்த்தாரோ.

கீழே அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சுத்தியலை எடுத்து வைத்தார்.

அவள் தன் பெயரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் வரைந்தாள். தாளின் அடியில், வழக்கமான இடத்தில், தட்டினாள்.

பிழை: ஒன்று.

பிரிண்ட் கொடுத்தாள்.

கீழே பிரிண்டர் உறுமி எழுந்தது.

"ஏய், ஓடுது தாயி! தானா ஓடுது! கோமு, இங்க வந்து பாரேன்! பிள்ள மாடில இருந்தே அனுப்புதா!"

அம்மாவின் கொலுசு அடுக்களையிலிருந்து முன்னறைக்கு வந்தது.

தாள் வெளியே வரும் ஓசை.

பிறகு ஓசை இல்லை.

"என்னங்க வந்திருக்கு?" அம்மா கேட்டாள்.

நாற்காலி நகரும் ஓசை.

மாடியில் அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திரையின் மூலையில் நாலு கோடும் அப்படியே இருந்தன.

முதல் படியில் அப்பாவின் காலடி கேட்டது.

இரண்டாவது படியில் கேட்கவில்லை.